வீட்டில் நான்கு பேர், பேலியோ ஒருவருக்கு

விவசாயத்துக்கு முந்தைய ஆதிமனிதனைப் போலச் சாப்பிடுவது என்கிற பேலியோ உணவுமுறைக்கு நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அது நல்லதுதான் செய்திருக்கிறது. எடை குறைந்தது, மதியம் கண்ணைச் சொருகும் தூக்கம் போனது, எந்நேரமும் எதையாவது கொறிக்கும் பழக்கமும் போனது. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன். எனக்கு நல்லது என்றால் வீட்டுக்கே நல்லது என்று முடிவு கட்டி, அடுப்படி என் கையில் இருக்கிற தைரியத்தில், ஒரே நாளில் தானியம், பருப்பு, பால், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஏழு வயது மகள், பதின்மூன்று வயது மகன், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் அம்மா, எல்லோருக்கும் நான் சாப்பிடுவதேதான்.

முதலில் பாதிக்கப்பட்டது அம்மா. நான்காம் நாள் காலை உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை குறையும், சரி. ஆனால் மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரையில் வேறொரு ஆபத்து: மாவுச்சத்தை ரொம்பவும் குறைத்தால், பரிசோதனையில் சர்க்கரை அவ்வளவு அதிகமாகத் தெரியாதபோதே உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். டாக்டரிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. இதை இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டில் இருந்தால், இறைச்சியும் முட்டையும் எவ்வளவு என்பதையும் டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பையன். அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. 250 மில்லி பாலில் ஏறத்தாழ 300 கிடைக்கும். பாலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் நான் கொடுத்தது 30 கிராம் பாதாம், அதில் ஏறத்தாழ 80தான் தேறும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது சொற்பம். முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீன் நல்ல வழி, ஆனால் தினமும் கொடுத்தால் எந்தப் பிள்ளை சாப்பிடும்? அந்த வயதில் எலும்பு வளர்வதற்கு என் வைராக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. பால் திரும்பி வந்தது.

இப்படி எழுதினால் உடனே ஆதிமனிதனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஈட்டனும் கோனரும் எழுதிய மருத்துவக் கட்டுரைதான் இந்தப் பேச்சைப் பெரிதாகத் தொடங்கிவைத்தது, அதில் யோசிக்கவேண்டிய விஷயம் நிறையவே இருக்கிறது. ஆனால் ஆதிமனிதன் எல்லா இடத்திலும் ஒரே சாப்பாடு சாப்பிடவில்லை. பனிப்பிரதேசத்தில் வேட்டை, வேறிடங்களில் கிழங்கும் தேனும் பழமும். இஸ்ரேலில் கலிலேயா கடல் என்கிற ஏரியின் கரையில் 23,000 வருடத்துக்கு முன்பே காட்டுத் தானியத்தை அரைத்திருக்கிறார்கள். ஜோர்டானில் 14,000 வருடத்துக்கும் முந்தைய அடுப்பிலிருந்து கருகிய ரொட்டித் துணுக்குகளே கிடைத்தன, விவசாயம் தொடங்குவதற்கு முன்பு! பேலியோ என்ற பெயரில் நம்மில் பலர் செய்வது அசல் பேலியோகூட இல்லை, மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் முறை. பேலியோவில் பழத்துக்கு இடம் உண்டு, பலர் கிழங்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓடி விளையாடும் குழந்தைக்கு அந்த இரண்டையும் ஏன் மறுக்கவேண்டும்?

இப்போது எங்கள் வீட்டில் சமையல் ஒன்றுதான். முட்டையோ மீனோ இறைச்சியோ ஒன்று, இரண்டு வகைக் காய்கறி, இது நான்கு பேருக்கும் பொது. பிள்ளைகளுக்கு அதோடு கிழங்கு, பழம், பால், வேண்டும்போது தானியம். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன அளவு. ஆளுக்கொரு சமையல் செய்து நான் மாதக்கணக்கில் களைத்துப்போயிருக்கிறேன், அதை யாரும் செய்யாதீர்கள். சமைக்கிற ஆள் சோர்ந்துபோனால் எந்த உணவுமுறையும் மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. இனிப்பு பானமும் பொட்டலத் தீனியும் மட்டும் நான் இன்னும் வாங்குவதில்லை, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் நான் சர்க்கரையை, கோதுமையை, எல்லாவற்றையும் வாய்க்கு வாய் விஷம் என்பேன். ஒரு நாள் படுக்கையைத் தட்டும்போது தலையணைக்கு அடியில் பிஸ்கட் தூள். கேட்டதும் அழுதாள், திட்டுவேனோ என்று பயந்து இல்லை. "நான் விஷம் சாப்பிட்டுட்டேன், எனக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டாள். எத்தனை நாள் அந்தப் பயத்தோடு தூங்கினாளோ.

அன்றிலிருந்து சாப்பாட்டைப் பற்றி அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை. போன வாரம் தோழியின் பிறந்தநாளில் கேக் சாப்பிட்டதை வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டு, ராத்திரிக்கு மீன் இருக்கா என்று கேட்டாள்.