கேட்ரினா ஷீலி தோற்றதை நான் ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்

2024 மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டு வாசல் புல்தரையில் ஊன்றியிருந்த தேர்தல் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். கம்பி இரண்டும் மண்ணில் இறுகிப் போயிருந்தன. காலால் மிதித்து ஆட்டி ஆட்டி ஒருவழியாக எடுத்தார். கையாலேயே மண்ணைத் தட்டினார், கராஜுக்குள் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தார். குப்பைத்தொட்டியில் போடவில்லை, அதைக் கவனித்தேன்.

பலகையில் இருந்த பெயர் ஷீலி. எங்கள் லெக்சிங்டன் பகுதியின் செனட்டர். தென் கரோலினா மாநில செனட்டில் 2012-லிருந்து உட்கார்ந்திருந்தவர். பக்கத்து வீட்டு அம்மா மூன்று தேர்தலிலும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியும்.

"என்னாச்சு?" என்று கேட்டேன். "அவர் நல்லவர்தான்மா. ஆனால் பிறக்காத குழந்தைகள் விஷயத்தில் எங்களைக் கைவிட்டுவிட்டார்" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அடுத்த மாதம் ஷீலி தோற்றுப்போனார்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. கிரீன் கார்டுதான். ஊரிலிருந்து பேசும் தோழிகள், "உனக்கு ஓட்டே இல்லை, யாரோ ஒரு ரிபப்ளிகன் அம்மா தோற்றால் உனக்கென்ன?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இங்கே குடியுரிமை வாங்கி, ஓட்டும் வைத்துக்கொண்டு ஜூன் மாதத் தேர்தலுக்குப் போகாமல் இருக்கும் நம் ஆட்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷீலி ரிபப்ளிகன் கட்சிக்காரர், பழமைவாதி. அதை அவர் மறைத்ததே இல்லை. கருக்கலைப்புக்கு எதிரானவர் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். அவருடைய பல கருத்துகளோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அவர் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் மரியாதை தானாக வரும்.

2008-ல் முதல் தடவை நின்று தோற்றார். எதிரே ஜேக் நாட்ஸ் என்ற பழைய செனட்டர், அதே கட்சி. இந்த நாட்ஸை நம் ஆட்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 2010-ல் நிக்கி ஹேலி கவர்னர் பதவிக்கு நின்றபோது, தலைப்பாகை கட்டுபவர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசவை அவர் மீது வீசியவர். ஒபாமாவையும் சேர்த்துத்தான் சொன்னார். ஹேலி பஞ்சாபி சீக்கியக் குடும்பத்துப் பெண், பேம்பர்கில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று, இந்த ஊரில் என் பிள்ளைகளை எப்படி வளர்க்கப்போகிறேன் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

2012-ல் ஷீலி மறுபடி நாட்ஸை எதிர்த்து வந்தார். அந்த வருடம் ஒரு பெரிய குளறுபடி. வேட்பாளர்கள் சொத்து, வருமான விவரப் படிவத்தைக் கொடுத்த முறை சரியில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லி, மாநிலம் முழுக்க 200 பேருக்கு மேல் வாக்குச்சீட்டிலிருந்து விழுந்தார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஷீலியின் பெயரும் போனது. வேறு யாராவது இருந்தால், சரி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி, கட்சிச் சின்னம் இல்லாமல் மனு வேட்பாளராக நவம்பரில் நின்று நாட்ஸைத் தோற்கடித்தார். 46 பேர் கொண்ட செனட்டில் அப்போது அவர் ஒருவர்தான் பெண்.

ஒரே பெண் என்றால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2015-ல் சக செனட்டர் ஒருவர் அவரை வைத்துக்கொண்டே, ஆணின் விலா எலும்பிலிருந்து படைக்கப்பட்டவள் பெண், விலா என்பது மட்டமான கறித்துண்டு என்று பேசினார். அப்புறம் வேடிக்கைக்குச் சொன்னேன் என்றார். அதே கட்சிக்காரர்தான். ஷீலி அதை விழுங்கிக்கொண்டு போகவில்லை, நேராகக் கேட்டார்.

இந்த மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினர் சம்பளம் வருடத்துக்கு 10,400 டாலர். எழுத்துப்பிழை இல்லை, வருடத்துக்குத்தான். ஜனவரியிலிருந்து மே வரை, வாரத்தில் மூன்று நாள் கூடுவார்கள். இந்தப் பகுதிநேர வேலையில் ஷீலி பிடித்துக்கொண்ட விஷயம் குழந்தைகள். 2014-ல் அரசின் கண்காணிப்பில் இருந்த வீடுகளில் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் வெளியே வந்தன. சமூக சேவைத் துறையை விசாரிக்க மூன்று பேர் கொண்ட செனட் துணைக்குழு அமைத்தார்கள். அதில் ஷீலி இருந்தார். துறையின் தலைவர் லிலியன் காலர், கவர்னர் ஹேலி நியமித்தவர். 2012-ல் ஷீலிக்கு ஆதரவாக நின்றதே அந்த ஹேலிதான். நம்மூராக இருந்தால், நம்மைக் கைதூக்கிவிட்டவர் நியமித்த அதிகாரியிடம் யாராவது கேள்வி கேட்பார்களா? இவர் கேட்டார். அந்த ஜூன் மாதம் காலர் பதவி விலகினார்.

அப்புறம் குழந்தைகளுக்காக வாதாடத் தனி அரசுத் துறை வந்ததில் அவர் பங்கு பெரியது. வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு அனுப்ப ஓர் அமைப்பை நடத்தினார். செனட்டில் குடும்ப நலக் குழுவின் தலைவராகவும் ஆனார். எதுவும் தொலைக்காட்சி விவாதத்துக்கு உதவுகிற விஷயம் இல்லை. பிள்ளைகளுக்கு ஓட்டும் இல்லை.

இனி அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்டு, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்றது. இங்கே ரிபப்ளிகன் கட்சி முழுத் தடை கொண்டுவரப் பார்த்தது. அந்தச் செப்டம்பரில் ஷீலி செனட்டில் எழுந்து பேசினார். நான் உயிரின் பக்கம்தான், ஆனால் தாயின் உயிரின் பக்கமும், ஏற்கெனவே பிறந்த குழந்தைகளோடு அவள் வாழும் வாழ்க்கையின் பக்கமும் நிற்கிறேன் என்பது அதன் சாரம். 2023 ஏப்ரலில் மறுபடி வந்த முழுத் தடை மசோதாவை, செனட்டில் இருந்த ஐந்து பெண்களும் சேர்ந்து நாள்கணக்கில் பேசிப் பேசி நிறுத்தினார்கள். மூன்று பேர் ரிபப்ளிகன், ஒருவர் டெமாக்ரட், ஒருவர் சுயேச்சை. 22-க்கு 21. ஒரே ஒரு ஓட்டு.

முழுத் தடை கேட்டவர்கள் அந்தப் பெண்களுக்கு பிளாஸ்டிக்கில் செய்த சின்ன முதுகெலும்பு பொம்மைகளை அனுப்பினார்கள். உங்களுக்கு முதுகெலும்பு வளரட்டும் என்று அர்த்தம். எனக்கு ஏற்கெனவே பலமான முதுகெலும்பு இருக்கிறது, இப்போது உபரியாக இன்னொன்றும் கிடைத்திருக்கிறது என்றார் ஷீலி.

மே மாதம் ஆறு வாரச் சட்டம் வந்தது, அதாவது ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு கூடாது என்ற சட்டம். அதையும் மூன்று ரிபப்ளிகன் பெண்களும் எதிர்த்தார்கள், 12 வாரமாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். 27-க்கு 19 என்று சட்டம் நிறைவேறியது. செனட்டில் ரிபப்ளிகன்கள் 30 பேர். அந்த 27-ல் குறைகிற மூன்று பேர் இவர்கள்தான்.

ஆறு வாரம் என்றால் ஒன்றரை மாதம் அவகாசம் என்று ஆண்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என் கணவர் உட்பட. கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நமக்கு உறைக்கும்போதே நாலு வாரம் முடிந்திருக்கும். அலைச்சல், வேலைச்சுமை என்று நாலு நாள் கவனிக்காமல் விட்டால் ஐந்து. டாக்டரிடம் தேதி கிடைப்பதற்குள் ஆறு. இதைச் சபையில் எழுந்து சொல்ல ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

நான் பக்தி உள்ளவள். கருக்கலைப்பு என்ற வார்த்தையே எனக்கு நெஞ்சை அடைக்கும். ஆனால் கல்யாணமான மூன்றாம் வருடம் மதுரையில் எனக்குப் பதினேழாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. அத்தைதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். குழந்தைக்கு இதயத் துடிப்பு இருந்தது. டாக்டரம்மா பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நிக்காதும்மா. வச்சிருந்தா உனக்குச் சீழ் பிடிச்சிரும்" என்றார். அன்றைக்கு ராத்திரியே முடித்துவிட்டார்கள். யாரும் வக்கீலுக்கு போன் பண்ணவில்லை. எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் அந்த ராத்திரி அந்த அம்மா தயங்காததுதான் காரணம்.

2022 ஆகஸ்டில் இந்த மாநிலக் கீழ்சபை உறுப்பினர் நீல் காலின்ஸ் ஒரு சம்பவத்தைச் சொன்னார். அவரும் ரிபப்ளிகன், இதற்கு முந்தைய ஆறு வாரச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். 19 வயதுப் பெண், பதினைந்தாவது வாரம், பனிக்குடம் உடைந்து அவசரப் பிரிவுக்கு வருகிறாள். கரு பிழைக்காது. ஆனால் துடிப்பு இருப்பதால் கை வைக்க முடியாது என்று வக்கீல்கள் சொல்ல, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கருப்பையே போகலாம், உயிரும் போகலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை என்றார் காலின்ஸ். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கழுவுதொட்டி முன்னால் நின்று அழுதேன். பதினைந்து வாரம், பதினேழு வாரம், அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

2023 சட்டத்தில் தாயின் உயிர், உடல்நலம், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கு விதிவிலக்கு இருக்கிறது, உண்மைதான். வன்கொடுமைக்கு 12 வாரம் வரை. விதிவிலக்கு காகிதத்தில் இருந்தாலும், சிறைத் தண்டனை தலைக்கு மேல் தொங்கும் டாக்டர் முதலில் வக்கீலைத்தான் கேட்பார். அந்த நேரத்தில் அந்தப் பெண் என்ன ஆவாள் என்பதுதான் என் கவலை.

ஷீலி மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2021-ல் வந்த ஆறு வாரச் சட்டத்துக்கு அவரும் ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டார். அப்போது அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். கவர்னர் கையெழுத்துப் போட்ட மறுநாளே கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்தியது. நடைமுறைக்கு வராது என்ற தைரியத்தில் கட்சியில் பலர் போட்ட ஓட்டு அது என்பது என் எண்ணம். அவர் அன்றைக்கே எழுந்து நின்றிருக்க வேண்டும். ஆனால் நிஜமாகவே பெண்களின் உடம்பைத் தொடப்போகும் சட்டம் வந்தபோது, பழைய ஓட்டையே பிடித்துக்கொண்டு நிற்காமல் மாறினார். மறுதேர்தல் வருகிறது என்று தெரிந்தே மாறினார். 2023-லேயே அந்த ஐந்து பெண்களுக்கும் ஜான் எஃப். கென்னடி பெயரில் தரப்படும் துணிச்சல் விருது கொடுத்தார்கள்.

விருது பாஸ்டனில். ஓட்டு லெக்சிங்டனில்.

இந்த ஊர் முறையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் சீட் கொடுப்பது கட்சித் தலைமை. இங்கே கட்சி வேட்பாளர் யார் என்பதையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுதான் பிரைமரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜூன் மாத வெயிலில், பள்ளிக்கூட விடுமுறையில், மக்கள் கடற்கரைக்குப் போயிருக்கும் நேரத்தில் அது நடக்கிறது. ஒரு செனட் தொகுதியில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பிரைமரிக்கு வருபவர்கள் அதில் சின்னப் பங்கு, ஒரே விஷயத்துக்காகக் கொதித்துக்கொண்டிருப்பவர்கள் தவறாமல் வருவார்கள். எங்கள் பகுதி மாதிரி ரிபப்ளிகன் கோட்டையில் ஜூனில் ஜெயிப்பவர் நவம்பரிலும் ஜெயித்தமாதிரிதான்.

2024 ஜூன் 11. கேம்டன் பக்கத்து பென்ரி குஸ்டாஃப்சன் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். சார்ல்ஸ்டனின் சாண்டி சென் ஐம்பது ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தி அளவுகூட இல்லை. ஷீலி போட்டியில் யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காததால் ரன்ஆஃப், இரண்டு வாரம் கழித்து ஜூன் 25. அதில் கார்லைல் கென்னடி என்ற இளம் வக்கீலிடம் தோற்றார். மூன்று பெண்களும் போனார்கள். அடுத்த ஜனவரியில் சபை கூடியபோது ரிபப்ளிகன்கள் 34 பேர், அதில் ஒரு பெண்கூட இல்லை. 46 பேரில் மொத்தமே இரண்டு பெண்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைப் பற்றி மறுபடி பேசினேன். கரு உருவான நொடியே அது ஓர் உயிர் என்று மனதார நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு ஓட்டுப் போட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் என் மதுரைக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "உன் விஷயம் வேறம்மா" என்றார். அதைத்தானே ஷீலியும் சொன்னார் என்றேன். ஒவ்வொருத்தி விஷயமும் வேறு என்றுதானே நாள்கணக்கில் நின்று பேசினார்கள்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, தோட்டத்தில் காய்த்த தக்காளியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். நாங்கள் இன்னும் நல்ல அக்கம்பக்கம்தான்.

என் கோபம் அவர் மேல் இல்லை. அவர் ஜூனில் போய் ஓட்டுப் போட்டார். இங்கே இருக்கும் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் மேல்தான். போன பொங்கல் விழாவில் எங்கள் மேசையில் இருந்தவர்களிடம் கேட்டேன். நவம்பரில் ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும். ஜூனில் போட்டவர் ஒருவர். "நாங்கள் ரிபப்ளிகன் இல்லையே, எப்படிப் போடுவது?" என்றார் ஒருவர், இருபது வருடமாக இந்த ஊரில் இருப்பவர்.

தென் கரோலினாவில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவே கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம், ஏதாவது ஒன்றில் மட்டும். நீங்கள் வாழும் தொகுதியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு முடிவு செய்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள். இரட்டைப்படை வருடங்களில் ஜூன் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. 30 நாளுக்கு முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை, புகைப்பட அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்றால் என் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள், அன்றைக்கு நான் லீவு போட்டுவிடுகிறேன்.