இரண்டு வாரம் தாண்டினால் அது வெறும் அழுகை இல்லை

பிரசவமான இளம் தாய்மார்களின் அழுகை "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்வதுண்டு. பாதிதான் சரி. பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாள். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13-ம் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். சில இடங்களில் 10-லேயே அனுப்புகிறார்கள். கூட்டும்போதுதான் பிழை வரும். 1, 2, 4-ஆம் கேள்விகளின் பதில்களுக்கு வரிசையாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழ். 10-ஆவது கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் 5-தான் என்றாலும் இதில் 0 இல்லையா, அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும்.

மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பதினெட்டு வயசுப் பெண் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் சொல்லும். தாளைக் கையில் கொடுத்துத் தனியாக விடுங்கள். கூடவே ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எடுங்கள். இரண்டுமே சோர்வாக, மந்தமாகத்தான் தெரியும்.

மருந்து என்றதும் தாய்ப்பாலை நிறுத்திவிடுகிறார்கள், அவசியமே இல்லாமல். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும்.

தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, குழந்தை மேல் விபரீத சந்தேகம் என்றால் மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள், உடனே மருத்துவமனை. மற்றபடி பேச, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, தமிழிலேயே, 24 மணி நேரமும்.