படம் எடுக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்

போட்டோகிராஃபி கற்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் "நிறைய எடு, தானா வரும்" என்பார்கள். பாதிதான் சரி. நிறைய எடுத்தால் கை பழகும். என்ன தப்பு நடந்தது என்று உட்கார்ந்து பார்க்காதவரை கண் பழகாது.

என் கட்சி இதுதான்: ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் "இந்தப் படத்தில் எனக்கு வேண்டியது இது" என்று நோட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் பிறகு சுயவிமர்சனம் என்று உட்கார்ந்தால் எதை வைத்து அளப்பது? தற்செயலாக நன்றாக வந்ததையெல்லாம் "நான் நினைச்சதே இதைத்தான்" என்று மனசு கூசாமல் சொல்லிவிடும்.

அதனால்தான் "தனிமை", "மகிழ்ச்சி" மாதிரித் தலைப்புகளை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம் என்கிறேன். எதை எடுத்துக் காட்டினாலும் பாஸ். வருஷம் 365 நாளும் தினம் ஒரு படம் என்ற திட்டத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாம் மாதத்திலேயே தூங்கப் போகும் முன் தலையணையைப் படமெடுத்துக் கணக்குக் காட்டுகிற வேலையாகிவிடும். வாரம் ஒரு பயிற்சி, 36 ஃபிரேம், ஒரே லென்ஸ் போதும். ஜூம் என்றால் ஒரே இடத்தில் நிறுத்தி டேப் ஒட்டிவிடுங்கள்.

முதல் பயிற்சியாக வெள்ளைத் தாள்மேல் வெள்ளைக் கோப்பையைச் சொல்வேன். ஜன்னல் ஓரம், வெளிச்சம் பக்கவாட்டில், அபர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோடு), திறப்பு எஃப் 8, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா போட்ட கணக்கைவிடப் படத்தை வெளுப்பாக்கவோ இருட்டாக்கவோ உதவும் அமைப்பு) 0. நோட்டில் எழுத வேண்டிய வரி: "தாள் வெள்ளையாகத் தெரிய வேண்டும், கோப்பையின் விளிம்பும் தெரிய வேண்டும்." எடுத்துப் பார்த்தால் தாள் சாம்பலாக நிற்கும். கேமரா கெட்டுப்போகவில்லை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கணக்குப் போடும். இப்போது காம்பன்சேஷனை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றிக்கொண்டே +2.3 வரை போங்கள். பெரும்பாலும் +1.3க்கும் +2க்கும் நடுவில் எங்கோ தாள் வெளுக்கும். அதற்கு மேல் போனால் வெளிச்சம் விழும் பக்கத்து விளிம்பு தாளோடு கரைந்துவிடும். கரைய ஆரம்பிக்கிற எண்ணைக் குறித்து வையுங்கள், உங்கள் கேமராவின் குணம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அடுத்து கறுப்புத் துணிமேல் கறுப்புப் பொருள், இந்த முறை மைனஸ் பக்கம்.

அமெரிக்கப் போட்டோகிராஃபர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஜோன் சிஸ்டத்தின் வேரும் இதுவே. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு படியாகப் பிரிப்பது அது, ஒவ்வொரு படியும் ஒரு ஜோன். மீட்டர் காட்டும் நடுத்தரச் சாம்பல் ஐந்தாம் ஜோன். அந்த வெள்ளையை ஏழாம் ஜோனுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப் கூட்டுவது எடுப்பவர் வேலை.

இதில் சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஃபிரேமின் ஓரத்தில் இருட்டுச் சுவர் எட்டிப் பார்த்தால் மீட்டர் அதையும் சேர்த்துக்கொள்ளும், எண்கள் எல்லாம் மாறும். தாளால் ஃபிரேமை நிரப்புங்கள். இரண்டாவது, எல்லாவற்றையும் நீங்களே வைக்கிற மேனுவல் மோடில் ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் வெளிச்ச உணர்வு அளவு) நிலையாக வைத்துவிட்டு காம்பன்சேஷனைத் திருப்பினால் பல கேமராக்களில் மீட்டர் முள் மட்டும் நகரும், படம் மாறாது.

அடுத்தது மங்கல். "படம் ஷார்ப்பா இல்லை" என்று எழுதுவது விமர்சனமே கிடையாது, ஏன் இல்லை என்று எழுத வேண்டும். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். அசையாத சுவர், கம்பம் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் துல்லியம், நடந்துபோகிறவர் மட்டும் இழுபட்டிருக்கிறார் என்றால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. யாரும் இழுபடவில்லை, ஆனால் கண்ணுக்குப் பதில் காது துல்லியமாக இருக்கிறது என்றால் ஃபோகஸ் தப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு, ஃபுல் ஃபிரேமில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார்) 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஷட்டர் 1/50 நொடியைவிட மெதுவாகப் போகாதே என்ற பழைய கணக்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 1/80 ஆகும். லென்ஸிலோ கேமராவிலோ கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இன்னும் இறங்கலாம். ஆனால் நடப்பவரின் காலை அது நிறுத்தாது, அதற்கு 1/250 நொடியாவது வேண்டும். ஓடுகிறவருக்கு 1/500 அல்லது 1/1000. மூன்றாவதற்கு ஒரு கணக்கு: ஃபுல் ஃபிரேம், 50 மில்லிமீட்டர், எஃப் 1.8, ஒரு மீட்டர் தூரம் என்றால் துல்லியமாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 4 சென்டிமீட்டர். கண்ணில் ஃபோகஸ் பூட்டிவிட்டு ஃபிரேமைத் திருப்பும்போது உடம்பு கொஞ்சம் முன்னே சாய்ந்தாலே கதை முடிந்தது.

செல்போனில் கற்கிறவர்களுக்கு: பெரும்பாலான போன்களில் அபர்ச்சரை மாற்றவே முடியாது, போர்ட்ரெய்ட் மோடு தருகிற மங்கல் கணக்குப்போட்டுப் பூசியது. ஆக அபர்ச்சர் பயிற்சியை விடுங்கள். வெளிச்சம், தூரம், நிற்கிற இடம் எல்லாம் போனிலும் அப்படியே பழகலாம்.

எடுத்த அன்றே படங்களை அலசாதீர்கள். எடுக்கும்போது பட்ட சிரமம் மனசில் இருக்கும்வரை சுமாரான படமும் அழகாகத்தான் தெரியும். ஒரு வாரம் போகட்டும். கேமராவிலேயே அழிக்கவும் வேண்டாம், தப்பான படங்கள்தான் பாடப் புத்தகம். முதலில் 36ஐயும் தபால்தலை அளவில் ஒன்றாகப் பாருங்கள். அந்த அளவிலும் எது தனியாகத் தெரிகிறதோ அதன் அமைப்பு வலுவானது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து நான்கு ஓரங்களையும் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலையில் முளைத்த கம்பம், மூலையில் வெள்ளையாக மினுக்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சந்தேகம் வந்தால் படத்தை இடவலமாகத் திருப்புங்கள், பழகிய கண் ஏமாறாது. 100 சதவீதம் கடைசியில்தான்.

கிராப்பும் சாட்சி சொல்லும். எல்லாப் படத்திலும் சுற்றிலும் கால்வாசி வெட்டுகிறீர்கள் என்றால் இரண்டடி முன்னால் போகப் பயப்படுகிறீர்கள்.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரே ஒரு காரணம் எழுதிக் கோடு போடுங்கள்: பின்னணி, ஃபோகஸ், வெளிச்சம், தருணம், தூரம். பின்னணிக்கு 14 கோடு, ஃபோகஸுக்கு 5 என்று வந்தால் அடுத்த வாரப் பயிற்சி பின்னணி. அதற்கு இணையத்தில் பட்டியல் தேட வேண்டாம். 36இல் இரண்டு தேறினால் போதும். போட்டோகிராஃபர் ராபர்ட் ஃப்ராங்க் 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்துக்காக 1955-56இல் அமெரிக்காவைச் சுற்றி எடுத்தது ஏறத்தாழ 28,000 ஃபிரேம், புத்தகத்துக்குப் போனது 83.

லைக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். "செம", "வேற லெவல்" என்பவை அன்பு, அவ்வளவுதான். நண்பரிடம் கேட்டே ஆக வேண்டுமென்றால் "நல்லா இருக்கா?" என்று கேட்காமல் "முதலில் கண் எங்கே போனது?" என்று கேளுங்கள். அவர் சொன்ன இடமும் நோட்டில் நீங்கள் எழுதிய வரியும் பொருந்தாவிட்டால் அதே இடத்துக்கு, அதே நேரத்தில், அதே லென்ஸோடு மறுபடி போங்கள்.