மாத்திரை சரியாகப் போகிறது, நெஞ்சை யார் பார்ப்பது?

அமெரிக்கா, கனடாவில் சுமார் 23,000 எச்ஐவி நோயாளிகளைப் பல வருடம் கவனித்து 2022ல் வந்த ஆய்வைப் பற்றிய கட்டுரை படித்தேன். ஒவ்வொரு 10 வயது கூடும்போதும் மாரடைப்பு அபாயம் 30 சதவீதம் ஏறுகிறது, ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றும் இருந்தால் 85 சதவீதம் என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். என் அண்ணன் பதினாலு வருஷமாக ஏஆர்டி, அதாவது எச்ஐவியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் வைரல் லோடு ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, வைரஸே காட்டல" என்பார். அதே பையில் பீடிக்கட்டு. மருந்து வாங்கும் இடத்தில் ஒருநாள்கூட பிபி பார்த்ததில்லையாம், பீடியைப் பற்றிக் கேட்டதும் இல்லையாம்.

வைரஸ் அடங்கினாலும் உள்ளே லேசான அழற்சி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ரத்தக்குழாய்க்கு அதுவும் ஒரு கேடு. கட்டுரை விட்டுவிட்டது ரிப்ரீவ் ஆய்வை. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்ஐவி உள்ள 7,769 பேர். தினமும் பிடாவாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை) 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக 2023ல் முடிவு வந்தது. அதற்காகக் கடையில் கேட்டு ஏதோ ஒரு ஸ்டாடினை வாங்கிவிடாதீர்கள். ரிடோனாவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர்கள் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் பக்கமே போகக்கூடாது.

ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம், அரசுத் திட்டத்தில் இலவசம். அண்ணனுக்கு அந்த டெஸ்ட் இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.