நூலகத்தில் டிவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

டெல்லியில் ஒரு பல்கலைக்கழக நூலகம். வெளிநாட்டுச் சேனல்கள் பார்க்க அங்கே ஒரு மூலை இருந்தது. அதை எடுத்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மேசை போட்டிருக்கிறார்கள். மேசையும் தேவைதான். ஆனால் "எல்லாம் போனிலேயே வருதே" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து பிரெஞ்சு படிக்கிற பெண் ஒருத்தி தினமும் அங்கே உட்கார்ந்திருப்பாள். முனிர்காவில் மூன்று பேர் தங்கும் அறை. நிம்மதியாக எதையும் கேட்க முடியாது. ஸ்பாஞ்சு கிழிந்த ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு, பிரான்ஸ் 24 செய்தியில் காதில் விழுகிற சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டின் ஓரத்தில் எழுதுவாள். எழுத்துக்கூட்டலை அப்புறம் அகராதியில் தேடிக்கொள்வாள். "சார் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்க்கா, இவங்க மூச்சே விடமாட்டேங்கறாங்க" என்பாள். இப்போது அவள் எங்கே போவாள்?

போன் நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டும். பிடிக்காததையும் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். 2021 பிப்ரவரியில் சீனாவின் சிஜிடிஎன் செய்திச் சேனலின் ஒளிபரப்பு உரிமத்தைப் பிரிட்டன் ரத்து செய்தது. ஒரே வாரத்தில் பிபிசி வேர்ல்டு நியூஸைச் சீனா தடை செய்தது. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஆர்டி சேனலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. நம் நாட்டிலேயே காஷ்மீர் வரைபட விவகாரத்தில் 2015 ஏப்ரலில் அல் ஜசீரா ஐந்து நாள் நிறுத்தப்பட்டது. அரசுகள் இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிற சேனல்களை அரசியல் படிக்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? அல் ஜசீராவுக்குக் கத்தார் அரசின் பணம், டிடபிள்யூவுக்கு ஜெர்மானியர்களின் வரிப்பணம். திரைக்குக் கீழே இதை ஓர் அட்டையில் எழுதி வைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

செலவு என்றும் சொல்ல முடியாது. இந்தச் சேனல்களில் பலவற்றை இணையத்தில் நேரலையாக இலவசமாகவே பார்க்கலாம். நாலு திரை, நல்ல ஹெட்போன், அவ்வளவுதான். முடிந்தால் சிங்கப்பூரின் தமிழ்ச் சேனலான 'வசந்தம்' என்பதையும் சேர்க்கட்டும். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற இன்னொரு நாட்டில் தமிழில் செய்தி எப்படி வாசிக்கிறார்கள் என்று டெல்லியில் படிக்கிற நம் பிள்ளைகளும் பார்க்கட்டுமே.

அந்த மூலையைத் திரும்பக் கேட்டு நூலகக் குழுவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே படிக்கிறவர்கள், படித்தவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் உள்பெட்டிக்கு வாருங்கள்.