பரிந்துரைகளுக்குப் பதில் சொல்லும் அரசுகள் வேண்டும்

வளரும் நாடுகளின் இளம் தலைவர்களுக்கான பயிற்சித் திட்டங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 2019இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் தொடங்கிய ஒரு முயற்சியே என் நினைவுக்கு வருகிறது. அங்குள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், காலநிலை மாற்றம் குறித்து நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமை என்ன என்று ஐ.நா.வின் பன்னாட்டு நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் எனப் பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களை வலியுறுத்தினார்கள். வனுவாட்டு அரசு அந்த யோசனையைத் தன்னுடையதாக ஏற்று, பிற நாடுகளின் ஆதரவைத் திரட்டியது. 2023 மார்ச் 29 அன்று, நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க 132 நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை ஒருமனதாக வழங்கியது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்த்தால், இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. அந்தப் பல்கலைக்கழகமே 12 தீவு நாடுகளுக்குப் பொதுவான உடைமை. ஆகவே பல நாட்டு இளைஞர்கள் ஒரே வகுப்பில் மாதக்கணக்கில் சேர்ந்து சிந்திக்க முடிந்தது. அதைவிட முக்கியமானது, அவர்கள் சொன்னதை வாங்கிக்கொண்டு செயல்பட ஓர் அரசு முன்வந்தது. பெரும்பாலான திட்டங்கள் முதலாவதை ஓரிரு வாரங்களுக்கு மட்டும் தருகின்றன; இரண்டாவதைத் தருவதே இல்லை. பங்கேற்பாளர்கள் இரவெல்லாம் விழித்து எழுதும் பரிந்துரைகள், நிறைவு விழாவில் ஒருவரிடம் கையளிக்கப்பட்ட பின் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வளரும் நாடுகளின் ஒத்துழைப்பு புதிதன்று. 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. ஐ.நா.வில் வளரும் நாடுகளின் கூட்டணியாக 1964இல் உருவான ‘77 நாடுகள் குழு’வில் இன்று 134 நாடுகள் உள்ளன. முடிவெடுக்கும் அமைப்புகளில் இளைஞர் பங்கைக் கூட்டுமாறு 2015இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையும் தனது 2250ஆம் தீர்மானத்தில் வலியுறுத்தியது. ஆயினும் உலக நாடாளுமன்ற உறுப்பினர்களில் 30 வயதுக்கு உட்பட்டோர் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவே.

அனைவரையும் உள்ளடக்கிய கொள்கை என்று பேசும் திட்டங்கள், முதலில் தம் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாக எழுதத் தெரிந்தவரும், விமானக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வல்லவரும் மட்டுமே உள்ளே வர முடியுமென்றால், மீனவக் குடும்பத்துப் பெண்ணோ செவித்திறன் குறைந்த இளைஞரோ அங்கே எப்படி வந்து சேர்வார்கள்? உள்ளூர் மொழியில் விண்ணப்பிக்க வழியும் முழுப் பயணச் செலவும் தரப்பட வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையையும் உரிய அமைச்சகம் ஆறு மாதங்களுக்குள் ஏற்கவோ, காரணம் சொல்லி எழுத்தில் மறுக்கவோ வேண்டும் என்பதை ஒவ்வொரு திட்டத்தின் ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும்.