கேலிக் இல்லை, காலிக்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான மில்காய்க்குப் போய் நம் தமிழ் யூடியூபர் ஒருவர் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி சித்தி பையனே அதை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டு, "அக்கா, உங்க ஊர் காமெடி" என்று சிரிக்கிற பொம்மை நாலு ஒட்டியிருந்தான். இனி முடியாது.

எல்லாரும் பார்த்தாச்சு, கதை வேண்டாம். ஸ்டேஷன் பலகையைப் பார்த்து "மில்ன்கேவி" என்று படித்தாரே, அது தப்பே இல்லை. எழுதியிருப்பது அப்படித்தான். நாயோடு நின்ற பாட்டி "மில்காய், மகனே" என்று சொல்லிக்கொடுத்தாரே, அதற்குப் பிறகு நடந்ததுதான் தப்பு. கேமராவைத் தன் பக்கம் திருப்பி, "இவங்களுக்கு அவங்க ஊர் ஸ்பெல்லிங்கே தெரியல மக்களே." பின்னால் அந்தம்மாவின் முகம் ஒரு விநாடி தெரிகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு தெரியுமே.

நான் ஒன்றும் பிறக்கும்போதே மில்காய் சொன்னவள் இல்லை. கிளாஸ்கோ வந்த புதிதில் குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் போய், பின்னால் எட்டு பேர் நிற்க, கவுன்டரில் கம்பீரமாக "மில்ன்கேவிக்கு ஒண்ணு" என்று கேட்டவள்தான். அங்கிருந்த பெண் டிக்கெட்டை அச்சடித்துக்கொண்டே, நிமிராமல், "மில்காய்" என்று ஒரு முறை சொன்னார். அவ்வளவுதான். அன்றோடு கற்றுக்கொண்டேன். தெரியாமல் தப்பாகச் சொல்வது தப்பில்லை. திருத்தின பிறகு சிரிப்பதுதான் தப்பு.

மில்காய் மாதிரிப் பெயர்கள் வந்த ஸ்காட்லாந்து மொழியின் பெயரையே இரண்டு வருஷம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேலிக் இல்லை, காலிக். கேலிக் என்றால் இங்கே அயர்லாந்துக்காரர்களின் மொழி என்று எடுத்துக்கொள்வார்கள். (தமிழில் கேலி செய்ய வாகான பெயராக வேறு அமைந்துவிட்டது.)

"ஸ்பெல்லிங் ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, இதெல்லாம் ஒரு மொழியா?" என்று கமெண்டில் ஒரு மேதை. ஐயா, நீங்கள் தமிழ்தானே எழுதுகிறீர்கள்? பம்பரம் என்பதில் இரண்டு ப இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரியா சொல்கிறீர்கள்? காக்கை, சங்கு, மகன், இந்த மூன்றிலும் க ஒரே க-வா? எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று நமக்கு விதி இருக்கிற மாதிரி அவர்களுக்கும் இருக்கிறது. மொத்தமே பதினெட்டு எழுத்து. 'பி'க்குப் பின்னால் 'எச்' வந்தால் பெரும்பாலும் வ. வில்லங்கம் எங்கே வந்தது என்றால், காலிக் தெரியாதவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதினார்களே, அந்த மாதிரி இடங்களில். மில்காயில் முன்பாதி 'முய்லன்', ஆலை என்று பொருள். எழுதினவர்கள் எப்படியோ எழுதினார்கள், ஊர்க்காரர்கள் அவர்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் யாருக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லை?

அப்புறம் நெஸ் ஏரியை நம்மவர்கள் சொல்கிற அந்த 'லாக் நெஸ்'. லாக் என்றால் பூட்டு. ஏரிக்குத் தொண்டையில் உரசி ஒரு 'ஹ்' வர வேண்டும், இங்கிலாந்துக்காரர்களே தடுமாறுவார்கள். அஃது என்பதில் ஃ சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நமக்கு வராத சத்தமே இல்லை!

வேடிக்கை என்னவென்றால், இதே ஆட்கள் ஐலா தீவு விஸ்கி என்றால் பயபக்தியோடு கற்றுக்கொள்கிறார்கள். ஐஸ்லே என்று படிக்கக் கூடாது, ஐலா. லஃப்ராய்க், புரூக்லாடி என்ற விஸ்கிப் பெயர்கள் எல்லாம் நாக்கில் வழுக்கிக்கொண்டு வருகிறது. பாட்டில் விலைக்குக் கொடுக்கிற மரியாதையைப் பாட்டிக்கும் கொடுக்கலாம்.

"ஸ்காட்லாந்துக்காரனே அந்த மொழி பேசுறதில்ல, உனக்கென்ன?" இது அடுத்தது. உண்மைதான். 2022 கணக்கெடுப்பில் காலிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் சுமார் 1,30,000 பேர், நூற்றுக்கு இரண்டரை. மில்காயில் தெருவில் காலிக் கேட்கவே கேட்காது. அதனால்தான் சொல்கிறேன், பேச்சு போன இடத்தில் ஊர்ப் பெயர் மட்டுமாவது வாயில் நிற்கிறது. 1872 கல்விச் சட்டத்தில் அந்த மொழிக்கு இடமே இல்லை. என் மேல்வீட்டுத் தாத்தா லூயிஸ் தீவுக்காரர், அவருடைய அப்பா பள்ளியில் காலிக் பேசி அடி வாங்கினவர்.

"காலிக்கில் ஐலாவே கிடையாது, ஈலதான், அப்போ உள்ளூர்க்காரன் சொல்றதும் தப்புதானே?" என்று புத்திசாலித்தனமாக ஒருவர் மடக்கினார். அது அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்து. நமக்கு அதில் நாற்காலி இல்லை.

2020 ஜூனில் தூத்துக்குடி உட்பட 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்ற அரசாணை என்று செய்தி வந்தபோது, இதே நண்பர்கள் "டுட்டிகொரின் ஒழிந்தது" என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். சில நாளில் ஆணை வாபஸ் ஆனதும் துக்கம் கொண்டாடினார்கள். நானும்தான். என் சோழவந்தானை ரயில்வே பலகை 'ஷோலவந்தான்' என்று எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவள். நம் ஊர் என்றால் மானம், அடுத்தவன் ஊர் என்றால் கன்டென்ட்டா?

அயர்ஷயர் கடற்கரையில் ஒரு கோட்டை இருக்கிறது. நடுவில் 'இசட்' போட்டு எழுதுவார்கள், சொல்வது கலேன். பழைய ஸ்காட்ஸ் (காலிக் இல்லை, ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழி) எழுத்தில் 'யோக்' என்று ஒன்று இருந்தது. அச்சுக்காரர்களிடம் அந்த அச்சு இல்லை, வடிவத்தில் ஒத்துவருகிறதென்று இசட்டைப் போட்டுவிட்டார்கள். அது ஒருநாளும் இசட் இல்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெயர் கயல்விழி. ழி-க்கு எழுத்தில்லாமல் ஒரு இசட்டும் எச்சும் போட்டு பாஸ்போர்ட் வாங்கி வந்தவள். பன்னிரண்டு வருஷமாக இங்கே நான் 'விஸி'.

மேல்வீட்டுத் தாத்தா ஒருவர்தான் "சரியா சொல்லு, கேட்கிறேன்" என்று படிக்கட்டில் நிறுத்தினார். கையில் பால் பாட்டிலோடு ஏழெட்டு முறை நாக்கை மடித்து மடித்துப் பார்த்தார். எங்கள் மொழியிலும் ல நிறைய உண்டு, விடமாட்டேன் என்றார். ழி வந்துவிட்டது.

என் மகள் யாழினி. பள்ளியில் யாஸினி. போன மாதம் வீட்டுக்கு வந்த தோழியின் அம்மாவிடம் அவளே ஆங்கிலத்தில் "நான் யாஸினி" என்றாள். நான் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை திருத்தியிருக்கலாம். திருத்தினால் அந்தம்மா சிரித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. தோசை கருகினதுதான் மிச்சம்.

"ஒரு ஊர் பேருக்கு இவ்வளவு ஃபீலிங்கா" என்று வருகிறவர்கள் வரலாம், பதில் போட மாட்டேன். தம்பி, குரூப்பிலிருந்து அந்த வீடியோவை மட்டும் எடுத்துடு.